தாம்பூலத் தட்டோடு லிங்க் எடுக்கப் போனோம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். பெங்களூரில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்காக, மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு நாளெல்லாம் மெயில் அனுப்புவதுதான் அந்த வேலை. "உங்கள் வலைப்பக்கம் அருமையாக இருக்கிறது. அதில் எங்கள் வாடிக்கையாளரின் சைட்டுக்கு ஒரு லிங்க் கொடுக்க முடியுமா?" இதையே நூறு விதமாக மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். நாகரிகமான பிச்சை என்று நானே சொல்லிக்கொள்வேன். அடுத்தவர் சொன்னால் மட்டும் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும்.

அக்காவுக்கு மட்டும் ஒருநாள் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகும் வழியில் எங்கள் ஊர். அதில் எனக்கு இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டி, ஐந்நூறு முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் மெஷின் ஒன்றை வைத்து, நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சைட் செய்து கொடுத்தது நான்தான். முகப்பில் மஞ்சள் பஞ்சு போலக் குஞ்சுகள், கீழே அக்காவின் போன் நம்பர். செய்து முடித்து ஆறு மாதம் ஆகியும் போன் அடிக்கவில்லை.

"ஏண்டா, சைட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டேங்குறானே?" என்றாள்.

"சைட்டு இருந்தா போதாதுக்கா. நெட்டுல ஒருத்தன் நாட்டுக்கோழிக் குஞ்சுன்னு தேடுனா ஆயிரம் சைட்டு இருக்கும். எதை மொதல்ல காட்டணும்னு தேடுற மெஷினுக்கு எப்படித் தெரியும்? வேற சைட்டுக்காரங்க எத்தனை பேரு உன்னக் கைகாட்டுறாங்கன்னு பாக்கும். அந்தக் கைகாட்டலுக்குப் பேருதான் லிங்க்கு."

அக்கா ஒரு முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ரத்த நரம்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "மாப்ள வூட்டப் பத்தி விசாரிக்கிற மாதிரி."

பெங்களூரில் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். படம் போட்டெல்லாம் காட்டினார்கள். அக்கா ஒரு முட்டையைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் அதை முடித்துவிட்டாள்.

எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுக்கும் முன் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. பையனின் ஊருக்குப் போய், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, "இன்னார் வூடு எதுங்க?" என்று சும்மா ஆரம்பிப்பார்கள். பிறகு உரக்கடை, சலூன் என்று நாலு இடத்தில் காதைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அக்கா கல்யாணத்துக்கு அப்பாதான் போனார். அங்கே பஞ்சர் கடைக்காரர் ஒருவர், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "பையன் முன்கோபிங்க. ஆனா சொன்னா சொன்னதுதான், வாக்குத் தவற மாட்டான்" என்றாராம். அப்பா அந்த ஒரு சொல்லை வைத்தே சம்மதித்தார்.

அந்த வாக்குத் தவறாத குணம்தான் இப்போது அக்காவின் கழுத்துக்கு வந்திருந்தது. மாமாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே அறை எடுத்துத் தங்கி, மாதம் இரண்டு முறை ஊருக்கு வருவார். அக்காவும் அவரோடு போய் மூன்று மாதம் இருந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். திரும்பி வந்ததும் இந்த மெஷினை வைத்தாள். மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனிதர், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆடி மாதம் ஊருக்கு வந்தபோது, பொரித்து இரண்டு வாரம் ஆன குஞ்சுகள் வாங்க ஆளில்லாமல் அறை முழுக்க ஓடுவதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அமைதியாகச் சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் பாரு. வாங்குறவங்க வரிசையில நின்னா நீ இங்கியே இரு, நான் எதுவும் பேசல. இல்லேன்னா மெஷின எவனுக்காச்சும் குடுத்துட்டு ஓசூருக்குக் கெளம்பு."

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அக்கா என்னிடம் வந்தாள். "அங்க நான் யாருக்குடா வேணும்? இங்க வாரா வாரம் எரநூறு, முந்நூறு உசுரு எங் கையப் பாத்துக்கிட்டு நிக்குது. ஏதாச்சும் பண்ணுடா" என்றாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். அதனாலேயே எனக்கு மனசு கலங்கிவிட்டது.

அன்று முதல் கம்பெனி வேலை முடிந்ததும் அக்கா வேலை. கோழி வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள், விவசாயச் செய்தி போடுகிறவர்கள், மாடித்தோட்டக்காரர்கள் என்று தேடித் தேடித் தொண்ணூறு பேருக்கு மெயில் போட்டேன். தொழிலில் எட்டு வருட அனுபவம், அத்தனையும் அந்த மெயில்களில் இறக்கினேன். பதில் இரண்டு வந்தது. ஒன்றில், லிங்க் வேண்டுமென்றால் இவ்வளவு கட்டணம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். இன்னொன்றில், உங்களுக்கு மயில் குஞ்சு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மயில் குஞ்சு விற்றால் போலீஸ் பிடிக்கும் என்று பதில் எழுதினேன். அவர் நன்றி சொன்னார், லிங்க் தரவில்லை.

ஆவணியில் பங்காளி வீட்டில் ஒரு காதுகுத்து. கறி விருந்து முடிந்து, வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நான் வாயைத் திறந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அக்காவின் கதையைச் சொல்லி, யாராவது லிங்க் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றேன்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க?" என்றார் சித்தப்பா. கடத்தூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார், அதற்கு ஒரு சைட் உண்டு. "நம்ம மண்டபத்து சைட்டுல போட்டுக்க. நாம இல்லாம வேற யாரு செய்வா?"

போர்வெல் லாரி ஓட்டும் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், "நம்மளதுலயும் போடு" என்றார். தையல் வகுப்பு நடத்தும் அத்தை மகள் சரி என்றாள். பங்காளிகள் சேர்ந்து குலதெய்வத் திருவிழாவுக்காக வைத்திருந்த பக்கத்திலும் போடலாம் என்று தீர்மானமாயிற்று. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்த இன்னொரு பங்காளி வீட்டுப் பையன், தன் ஆன்லைன் பத்திரிகையைக்கூட விடவில்லை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்கு நேர் கீழே "தரமான நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இங்கே அழுத்தவும்" என்று போட்டான். விருந்தில் என்ன குழம்பு என்று முன்கூட்டியே சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்களாம்.

கேள்விப்பட்ட மற்றச் சொந்தங்களும் சேர, ஒரே வாரத்தில் பதினொரு லிங்க். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், நான்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். செய்தவர்களுக்குத் திருப்பி முறை செய்யாவிட்டால் எங்கள் ஊரில் மூச்சுவிட முடியாது. அதனால் அக்காவின் சைட்டில் மண்டபம், போர்வெல், தையல் வகுப்பு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தோம். குஞ்சு வாங்க வருகிறவன் முதலில் லாரியைப் பார்த்தான், பிறகு சீர்வரிசை மேடையைப் பார்த்தான், அதற்கும் கீழே போனால்தான் கோழியைப் பார்த்தான்.

இது கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சம்பந்தமில்லாத சைட்டுகள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டால் தேடுபொறி மோப்பம் பிடித்துவிடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். என் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன் இதைச் செய்திருந்தால் மண்டை காயத் திட்டியிருப்பேன். ஆனால் தொண்ணூறு வாசலில் நின்று வெறுங்கையோடு வந்தவனை, சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டால் என்ன செய்வான்? போனேன்.

நாலு நாள் கொண்டாட்டம். தேடினால் இரண்டாம் பக்கத்தில் கிடந்த சைட் முதல் பக்கத்தின் அடியில் எட்டிப் பார்த்தது. அக்கா கேசரி கிண்டினாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காலையில் தேடிப் பார்த்தால் சைட்டைக் காணோம். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று பன்னிரண்டாம் பக்கம் வரை போனேன். ராஜஸ்தானில் வாத்து விற்கிறவர்கூட வந்தார். எங்கள் அக்கா வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"விசாரிக்கப் போறவங்க பங்காளிகிட்டயாடா கேப்பாங்க? டீக்கடையிலதான கேப்பாங்க. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சொந்தக்காரன் சொல்றத எவன் நம்புவான்? அந்தத் தேடுற மெஷினுக்குத் தெரிஞ்சது படிச்ச ஒனக்குத் தெரியலயே!"

எனக்கு வந்த கோபத்தில் எதிரே இருந்த தீவன மூட்டையை உதைத்தேன். வலி காலுக்குத்தான்.

இனி ஒரே வழி, கொடுத்த லிங்க்குகளை எடுக்கச் சொல்ல வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போன்ல சொன்னா, சொந்தத்தையே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிரும். நேர்ல போவோம். போடச் சொன்னப்பத்தான் தட்டு வெக்கல, எடுக்கச் சொல்றப்பவாச்சும் வெப்போம்." எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு தேங்காய். லிங்க் எடுப்பதற்குத் தாம்பூலம் வைத்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

முதலில் சித்தப்பா வீடு. தட்டைப் பார்த்ததும் சித்திக்கு முகமெல்லாம் பல். எனக்குத்தான் பெண் அமைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போயிற்று.

"எங்க பேரு ஒங்களுக்கு ஆவல, அதானே? நாளைக்கு எங்க மண்டபத்துக்கும் வர மாட்டீங்களாட்டம் இருக்குது."

நான் தேடுபொறி, தரவரிசை என்று ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

"சித்தி, இப்படி வெச்சுக்குங்க. மாப்ள வூட்டுக்காரங்க விசாரிக்க வந்துருக்காங்க. யாரு சொன்னாலும், 'இவங்க பங்காளிங்க, அப்படித்தான் சொல்லுவாங்க'ன்னு தள்ளி விட்டுட்டாங்க. கொஞ்ச நாளைக்கு நாம சொந்தம்னு வெளிய காட்டிக்காம இருக்கலாம். காரியம் ஆவட்டும்."

சித்திக்கு இது உடனே புரிந்தது. சித்தப்பாவுக்கு அதைவிட நன்றாகப் புரிந்தது, குரலையே தாழ்த்திக்கொண்டார். மறுவாரம் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து "சித்தப்பா!" என்று கூப்பிட்டேன். மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் போனதும், உதட்டை அசைக்காமல், "சொந்தம்னு தெரியக் கூடாதுடா, போ, போ" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எல்லா வீட்டிலும் இப்படிச் சுலபமாக முடியவில்லை. தையல் வகுப்பு நடத்தும் அத்தை மகள் இரண்டு வாரம் பேசவில்லை. போர்வெல் அண்ணனுக்கு எடுக்க மனசு இருந்தது, ஆனால் சைட்டின் பாஸ்வேர்ட் இல்லை. செய்து கொடுத்தவன் கோயம்புத்தூர் போய்விட்டானாம். "என் சைட்டுக்குள்ள நானே போக முடியல, ஒன் அக்காள எப்படி வெளிய கூட்டியாறது?" என்றார். கடைசியில் லாரிக்குள், சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் கிடைத்தது. புரட்டாசி பிறக்கும்போது பதினொரு லிங்க்கும் போய்விட்டது. சைட்டில் அக்காவும் குஞ்சுகளும் மட்டும் மிச்சம். தேடுபொறிக்கு மனசு இளக எத்தனை வாரம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கையில் காலி அட்டைப்பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார். பெங்களூருக்கு வெளியே சின்னதாகத் தோட்டம் வைத்திருக்கிறாராம். பொம்மிடியில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், திரும்பும் வழியில் மொரப்பூரில் இறங்கியிருக்கிறார்.

"நல்ல நாட்டுக்கோழிக் குஞ்சு எங்க கெடைக்கும்னு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில விசாரிச்சேம்மா. ஒங்க வீட்டத்தான் சொன்னாங்க. அம்பது குஞ்சு வேணும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அன்று அறையில் இருநூறு குஞ்சு இருந்தது. புரட்டாசியில் பாதிப் பேர் கறியை நிறுத்திவிடுவார்கள், கறிக்கடையே ஈயோட்டும். அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"புரூடர் போட்டாச்சுங்களா?"

தாயில்லாத குஞ்சுகளுக்கு முதல் இரண்டு, மூன்று வாரம் சூடு வேண்டும். தகரத்தை வளையமாக நிறுத்தி, உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் புரூடர். வந்தவர் விழித்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? வராண்டாவுல விட்டுக்கறேன். நெறைய எடம் இருக்கு."

"பெங்களூர்க் குளுருல வராண்டாவுலயா? குஞ்சுன்னா என்னங்க நெனச்சீங்க, பொம்மையா? ராத்திரிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துரும். நான் தர மாட்டேன். மொதல்ல போயி பல்பக் கட்டுங்க, போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. அப்பறம் தர்றேன்."

பிறகு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பல்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், உமி மேல் காகிதம் எத்தனை நாள் போட வேண்டும், முதல் தண்ணீரில் எவ்வளவு வெல்லம் கலக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். மனிதர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு காலிப் பெட்டியோடு போய்விட்டார்.

அவர் தெருமுனை தாண்டும் வரை பொறுத்தேன்.

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நான் தொண்ணூறு பேருகிட்டக் கையேந்துறேன். ஒருத்தரு தானா ரயிலேறி வர்றாரு, அவரத் தொரத்தி விடுற! தீபாவளிக்கு எத்தன நாளு இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியும்டா. அதுக்குன்னு சாவறதுக்குக் குஞ்சு விக்கச் சொல்றியா?"

"அப்ப ஓசூருக்கே போ!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் அவள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் அவளே சோறு கொடுத்தனுப்பினாள். நானும் போய், ஒன்றும் நடக்காதது போல முட்டைத் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது இவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் மறுபடியும் வந்தார். போனில் புரூடரின் படம் இருந்தது. முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, தெர்மாமீட்டரோடு ஒன்று. அக்கா மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, "பல்ப ஒரு சாண் மேல தூக்குங்க" என்று சொல்லிவிட்டு ஐம்பது குஞ்சு எண்ணிக் கொடுத்தாள். வந்த மாதிரியே அமைதியாகப் போனார்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வெளியில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் மெஷினைத் துடைப்பது அதிகமாயிற்று. துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பாள்.

அப்போதுதான் முதல் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வணக்கம். புரூடர் ரெடி பண்ணிட்டேன். உமி போட்டாச்சு, வெல்லமும் வாங்கி வெச்சுட்டேன். எனக்குக் குஞ்சு தருவீங்களா?"

பரீட்சை எழுதிவிட்டு மார்க் கேட்கும் குரல். அக்கா என்னைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே இன்னொருவர். மறுநாள் மூன்று பேர். எல்லாரும் முதல் பேச்சிலேயே புரூடர் போட்டாகிவிட்டது என்றார்கள். இது எங்கோ யாரோ கொளுத்திப் போட்ட திரி என்று மாடிக்கு ஓடித் தேடினேன்.

கிடைத்தது. அந்தப் பெங்களூர்த் தோட்டத்து மனிதர் பல வருடங்களாக ஆங்கிலத்தில் வலைப்பக்கம் எழுதுகிறவராம். ஓய்வுக்குப் பிறகு மண்ணைத் தொட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் அதைப் படிக்கிறார்கள். எங்களிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தலைப்பே "எனக்குக் குஞ்சு தர மறுத்த பெண்மணி". டீக்கடையில் விசாரித்ததிலிருந்து, திட்டு வாங்கியது, மோர் குடித்தது, காலிப் பெட்டியோடு ரயிலேறியது வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். அந்த அம்மாள் மதியத்தில் போனை எடுக்க மாட்டார், முற்றம் அலங்கோலமாக இருக்கும், மறந்தும் சிரிக்க மாட்டார் என்றும் எழுதியிருந்தார். ஆனால் வாங்கிய ஐம்பதில் நாற்பத்தொன்பது நலமாக இருக்கின்றன, ஒன்றைப் பூனை கொண்டுபோயிற்று, அதற்கு அந்த அம்மாள் பொறுப்பில்லை என்று முடித்து, கடைசியில் அக்காவின் சைட்டுக்கு ஒரு லிங்க். அதைப் படித்த வேறு நாலு தோட்டக்காரர்களும் தங்கள் பக்கத்தில் எழுதி லிங்க் கொடுத்திருந்தார்கள்.

எட்டு வருடமாக நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிய எந்த லிங்க்கும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. எனக்கு முதலில் வந்தது பொறாமை. பிறகுதான் பெருமை. கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கீழே போய் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அசையாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"சிரிக்க மாட்டேன்னா எழுதியிருக்காரு? மோரெல்லாம் குடுத்தனே!"

காணாமல் போன சைட் அந்த வாரமே மூன்றாம் பக்கத்தில் தலைகாட்டியது. பிறகு இரண்டாம் பக்கம். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அறையில் ஒரு குஞ்சு மிச்சமில்லை. மெஷினில் இருக்கும் முட்டைகளுக்கும், இன்னும் வைக்காத முட்டைகளுக்கும்கூட ஆள் பேசியாயிற்று. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஊருக்கு வராத மாமாவுக்கு அக்கா இத்தனையும் சொல்லவில்லை. "வந்து பாக்கட்டும். நான் சொன்னா நானே என்னப் பத்திச் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள்.

மறுநாள் மாமாவே போன் செய்தார். அக்கா கை நிறைய முட்டை, நான்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். மாமாவின் குரலில் வழக்கமான முறுக்கு இல்லை.

"எங்க ஆபீசரு இன்னைக்கு என்னக் கூப்புட்டு, போன்ல ஒரு சைட்டக் காட்டுனாரு. 'இது ஒங்க ஊருப் பக்கந்தானே? இந்தம்மா ரொம்பக் கண்டிப்பாம், லேசுல குஞ்சு தராதாம். கொஞ்சம் சொல்லி நூறு குஞ்சு வாங்கிக் குடுக்க முடியுமா?'ன்னாரு."

அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"விசாரிச்சுச் சொல்றேன்னேன்."

"எம் பொண்டாட்டிதான்னு சொல்லலயா?"

"வாய் வரலடி. அவரு ஒன்னப் பத்தி அவ்வளவு பேசறாரு. நடுவுல எப்படிச் சொல்றது?"

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"புரூடர் போட்டாச்சான்னு கேளுங்க. போட்டிருந்தா கார்த்திகை கடைசி வாரம் வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி முடியாதுங்க. வாங்குறவங்க வரிசையில நிக்கிறாங்க."

அந்தப் பக்கம் கம்பெனியில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"வரிசையாவா?" என்றார் மாமா.

"ஆமாங்க. வரிசையாத்தான்."

"சரி. அப்ப நீ அங்கியே இரு. தீபாவளிக்கு நான் வர்றேன்."

அக்கா போனை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெஷின் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அந்தப் பஞ்சர் கடைக்காரர் எங்களுக்குச் சொந்தமுமில்லை பந்தமுமில்லை. மாமா வாக்குத் தவற மாட்டார் என்று அப்பாவிடம் அவர் சொன்னது உண்மை.